தோற்காத அணியின் இடது பக்கம்

ஜனவரி 11

மாப்பிள்ளை,

உன் அக்கா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நானாகத்தான் எழுதுகிறேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

நேற்று எங்கள் பெண்கள் பதின்மூன்றாவது மேட்சையும் ஜெயித்துவிட்டார்கள். பதின்மூன்று ஆடி பதின்மூன்றிலும் வெற்றி. இந்தக் கல்லூரி அரங்கத்தின் தரையைத் துடைக்க நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கூடைப்பந்தில் தொடர்ந்து மூன்று ஜெயித்தாலே பிரின்சிபால் கேக் வெட்டிவிடுவார். இப்போது ஆபீஸ், கேன்டீன், லைப்ரரி எங்கே போனாலும் இதே பேச்சு. நான் மட்டும் அந்தப் பேச்சில் சேராமல் நழுவிவிடுகிறேன்.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. பயிற்சி முடிந்ததும் தரையில் வியர்வை எங்கெங்கே சொட்டியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கூடையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் முழுக்க ஈரம், மாப்பை இரண்டு தடவை பிழிய வேண்டியிருக்கிறது. இடது மூலையில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, தூசிதான். கேப்டனுக்கு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக வராது. அதனால் அவள் வலப்பக்கமே போகிறாள், மற்ற நாலு பேரும் அவளோடு அங்கேயே குவிகிறார்கள். இதுவரை எந்த அணியும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்துவிட்டால்?

நேற்று ஜெயித்தது வெறும் இரண்டு பாயிண்டில். கொக்கு, அதுதான் அந்த நெட்டைப் பெண், கடைசி நிமிஷத்தில் எம்பிப் போட்டது எப்படியோ விழுந்துவிட்டது. அரங்கமே எழுந்து விசிலடிக்கிறது. நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். வாட்ச்மேன் வந்து, "என்னங்க, வீட்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

இதையெல்லாம் போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் போன வருஷம் ஒரு ஃபவுலுக்காக நாம் இரண்டு பேரும் போனில் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்ததிலிருந்து, ஆட்டத்தைப் பற்றிப் போனில் பேசக் கூடாது என்ற உன் அக்கா தீர்ப்பில் மாற்றமில்லை. "ரெண்டு பேரும் எழுதிக்குங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்கிறாள். எனக்கு ஆறவில்லை.

அத்தான்


ஜனவரி 16

அத்தானுக்கு,

ஜெயிக்கிற அணியில் குற்றம் கண்டுபிடிக்க உலகத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும். உங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். மாப்பிள்ளைக் கோலத்தில் நீங்கள் மட்டும் பின்னால் இருக்கிற திரை கோணலாகத் தொங்குகிறது என்று கை காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு நல்ல செய்தி. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் வேலையை விட்டுவிட்டேன். இங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துக்கு உதவி கோச்சாக எடுத்திருக்கிறார்கள். இந்த சீசன் வரைக்கும்தான். கோப்பை வாங்கினால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று தலைமைக் கோச் சொல்லியிருக்கிறார். நாற்பது வயதில் ஒருவன் முதல் தடவையாக நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அக்காவிடம் கேளுங்கள், அவளுக்குப் புரியும்.

பயப்படாதீர்கள், நாங்கள் வேறு பிரிவு. உங்களோடு மோதுவதென்றால் அது இறுதிப் போட்டியில்தான். எங்கள் அணி இருக்கிற லட்சணத்துக்கு அதுவரை வர வாய்ப்பில்லை.

கேட்க நினைத்தேன், உங்கள் கொக்கு கடைசிப் பத்து நிமிஷத்தில் எப்படி ஆடுகிறாள்? களைத்துவிடுகிறாளா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மாப்பிள்ளை


ஜனவரி 22

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை உன் அக்கா மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை அழுதாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? நல்லபடியாக நிலைத்துக்கொள்.

கொக்கு களைப்பதில்லை. அவள் பிரச்சினை வேறு. அவளுக்கு ஃபவுல் கொடுத்தால் போதும், தலை தானாக கேலரிப் பக்கம் திரும்பும். அங்கே அவள் அப்பா உட்கார்ந்திருப்பார். மனுஷர் எழுந்து கையை ஆட்டித் திட்டுவார். அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம் அவள் ஆட்டத்திலேயே இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் பக்கம் புகுந்து யார் வேண்டுமானாலும் கூடையில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பத்து பாயிண்ட் முன்னால் போய்விட்டால் இவர்களுக்குத் தலைகால் புரியாது. முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுப்பதென்ன, பார்க்காமல் தூக்கிப் போடுவதென்ன! இடது மூலை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்தாவது மேட்சில் எட்டு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தோற்கட்டும், அப்போதாவது புத்தி வரும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கேப்டன் தடுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். ரத்தத்தைத் துடைக்க ஓடினேன். "மாப் அண்ணா, சீக்கிரம், டைம் போயிட்டே இருக்கு" என்றாள், வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. கடைசியில் ஜெயித்தார்கள். ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. இது என்ன பிறவியோ.

அத்தான்


பிப்ரவரி 13

மாப்பிள்ளை,

பதினெட்டு மேட்ச் முடிந்தது. நேற்று அரையிறுதியில் ஜெயித்தார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது உன் அக்கா ஓடி வந்து உங்கள் அணியும் ஜெயித்துவிட்டதாகச் சொன்னாள். இருந்த இடத்திலேயே குதித்தேன். குதித்துவிட்டுத்தான் யோசித்தேன்.

மார்ச் ஒன்றாம் தேதி உங்களோடுதான் இறுதிப் போட்டி.

நான் உனக்கு எழுதின கடிதங்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு உடனே திருப்பி அனுப்பு. கிழித்துவிட்டேன் என்று பதில் எழுதாதே, எனக்கு அவை கையில் வர வேண்டும். அதுவரை அவற்றை யாரிடமும் காட்டாதே. நீ காட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அத்தான்


பிப்ரவரி 17

அத்தானுக்கு,

இந்த உறையில் உங்கள் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. ஆனால் அவற்றில் இருந்தது இனி உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை.

நேற்று தலைமைக் கோச் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "அந்தத் தோக்காத டீமை எப்படித் தோக்கடிக்கிறது? யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நான் எழுந்து போய்ப் பலகையில் ஆடுகளத்தின் ஒரு பாதியை வரைந்தேன். வலது பக்கத்தை அடைத்தேன். கேப்டனை இடது மூலைக்குத் தள்ளுகிற மாதிரி அம்புக்குறி போட்டேன். கொக்கு பெயருக்குக் கீழே 'முதல் ஃபவுலை சீக்கிரம் வாங்கவை' என்று எழுதினேன். கோச் என் முதுகில் தட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் கடிதங்களை எடுத்து இந்த உறையில் போட்டேன்.

ஜனவரியில் கொக்கைப் பற்றிக் கேட்டது சும்மாதான் என்று எழுதலாம் என்று பார்த்தேன். பாதி சும்மா. மீதிப் பாதி என்ன என்று அப்போதே எனக்குத் தெரியும். என் மேல் கோபப்படுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். இடது மூலையைப் பற்றி எனக்கு இத்தனை தடவை எழுதினீர்கள். உங்கள் கோச் மேடம் தினமும் உங்களுக்குப் பத்தடி தள்ளி நிற்கிறார். அவரிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? இன்னும் நாள் இருக்கிறது, போய்ச் சொல்லுங்கள். எங்கள் திட்டம் இதுதான் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது தலைமைக் கோச்சுக்குத் தெரிந்தால் நிரந்தரம் என்ன, நாளைக்கே வாசலைக் காட்டிவிடுவார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

உன் கடிதம் கிடைத்தது.

என் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நீ. உன் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது உனக்குப் பதினொரு வயது, எங்களோடுதான் இருந்தாய். எனக்குப் பந்தை எடுத்துப் போட்டு எடுத்துப் போட்டுத்தான் இந்த ஆட்டத்தையே நீ கற்றாய். நான் வீட்டு மனுஷனிடம் புலம்பினேன். உளவு சொல்லவில்லை.

மேடத்திடம் சொல்லும்படி நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நான் யார், மாப் பிடிக்கிறவன். பதினெட்டு மேட்ச் ஜெயித்த கோச்சிடம் போய், உங்கள் ஆட்டத்தில் ஓட்டை என்று சொன்னால் சிரிப்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் வியர்வையைக் காட்டுவதா? எதிர் அணிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் யாரைக் காட்டுவது?

இனி எழுதாதே.


பிப்ரவரி 22

சொல்லிவிட்டீர்களா? திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் ஐந்து நாளாக அந்த இடது மூலையைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டீர்களா?

மாப்பிள்ளை


பிப்ரவரி 23

மாப்பிள்ளை,

இன்று காலை சொல்லிவிட்டேன். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் போய்ப் போய், தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"மேடம், ஒரு விஷயம்" என்றேன்.

"தரை வழுக்குதா?"

"தரை இல்ல மேடம். ஆட்டம்."

அவர் சிரிக்கவில்லை. பெண்களை ஓட விட்டுவிட்டு என்னோடு இடது மூலைக்கு வந்தார். குனிந்து விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தூசி ஒட்டியது. வலப்பக்கம் போய் அங்கேயும் தொட்டுப் பார்த்தார். கொக்கின் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை எத்தனை நாளா பார்க்கறீங்க?" என்றார்.

"நவம்பர்ல இருந்து மேடம்."

"நவம்பரா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்தீங்க மேடம்."

அப்போதே நிறுத்தியிருந்தால் எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும். ஆனால் உன் கதையையும் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுப்பதற்காக இல்லை. இவ்வளவும் எதிரணியின் பலகையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் போய் மாட்டக் கூடாது. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களைத் திட்ட எனக்கு இப்ப நேரமில்ல. ஃபைனல் முடியற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க. சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

அரங்கத்துச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்தில் அது என் இடுப்பை விட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை. கேப்டன் பின்னால் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. நிமிரவே இல்லை, அதே லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இனி அவர்கள் என்ன பழகுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உனக்கு எழுத மாட்டேன். உன் வேலை உனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. உன் அக்கா ஃபைனல் பார்க்க வருகிறாள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அத்தான்


மார்ச் 2

அத்தானுக்கு,

முடிவு இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் 61, நீங்கள் 60. அக்கா சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள், பாதி நேரம் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் ஸ்கோர் மேசைக்கு நேர் பின்னால் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். அதனால் நான் எழுதுகிறேன். இத்தனை நாள் நீங்கள் எனக்கு எழுதினீர்கள்.

முதல் பாதியில் உங்களைப் பிழிந்து எடுத்துவிட்டோம். பதினான்கு பாயிண்ட் முன்னால் இருந்தோம். வலது பக்கம் அடைத்து வைத்திருக்க, உங்கள் கேப்டன் இடது கையால் முதல் தடவை போனாள். பந்து பறிபோனது. இரண்டாவது தடவை சொந்தக் காலிலேயே பட்டு வெளியே ஓடியது. எங்கள் பெஞ்சில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் அதே பக்கம் வந்தாள். நான்காவது தடவை உள்ளே புகுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. கொக்குக்கு ஃபவுல் கொடுத்தார்கள். அவள் அப்பா எழுந்து கையை ஆட்டினார். அவள் திரும்பவே இல்லை, கேப்டன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போட்ட அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போயின. தலைமைக் கோச் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசி ஏழு விநாடி இருக்கும்போது ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம். பந்து கேப்டனிடம். வலது பக்கம் போவது போல் ஏமாற்றிவிட்டு இடது மூலைக்கு வந்து எம்பிப் போட்டாள். வளையத்தில் சுற்றியது. அத்தான், உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், விழட்டும் என்று நினைத்தேன். வெளியே விழுந்தது.

எங்கள் பெண்கள் என்னைத் தூக்கினார்கள். இறங்கி வந்து பார்த்தால் உங்கள் கேப்டன் அந்த இடத்திலேயே நிற்கிறாள். கை கொடுக்கப் போனேன்.

"நீங்கதான் மாப் அண்ணாவோட மச்சினனா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இடது கையில ஆறு நாள்தான் பழகினேன். இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா உங்களை விட்டிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை. நான் உங்களுக்கு எழுதியது பதினேழாம் தேதி. நீங்கள் சொன்னது இருபத்து மூன்று. நான் பலகையில் வரைந்தது பதினாறு. யார் எத்தனை நாளைத் தின்றோம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை உத்தரவு கையில் வந்துவிட்டது. அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். இதை வைத்துக்கொள்ளவா, திருப்பிக் கொடுக்கவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உட்கார்ந்தால் உன்னைத் திட்டத்தான் வார்த்தை வந்தது. கிழித்துப் போட்டேன். இப்போது வேறு வார்த்தை வருகிறது.

உத்தரவைத் திருப்பிக் கொடுப்பதாவது! சினிமா காட்டாதே. நான் பார்த்தேன், நீ அதை வைத்து ஒரு அணியைப் பழக்கினாய். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தது உன் தப்பு இல்லை. அந்த இரண்டு நாள் என்னுடையது. சொன்னால் சிரிப்பார்களோ என்று பயந்தேன், அதுவரைக்கும் உண்மை. இன்னும் ஒன்று இருக்கிறது. அவர்கள் தோற்ற பிறகு, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்குள் ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். தோற்றார்கள். அவனை எங்கே தேடியும் காணோம். அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். மேசை மேல் சாவி இருந்தது. "நாளையில இருந்து பிராக்டிஸ் ஆரம்பம். தரையைத் தொடைங்க. பார்த்ததை அன்னிக்கன்னிக்கே சொல்லுங்க, எங்கிட்ட இல்ல, அந்தந்தப் பொண்ணுகிட்டயே நேரா" என்றார்.

முதல் நாளே கேப்டனிடம் ஒன்று கண்ணில் பட்டது. வாளியைத் தள்ளிக்கொண்டு நடுத்தரை வரைக்கும் போய், எல்லாப் பெண்களும் பார்க்க, சொல்லிவிட்டேன். அவள் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். "ஜெயிக்கிறப்ப வாயே தொறக்கல, இப்ப மட்டும் வந்துட்டீங்களா?" என்று கத்தினாள். அரங்கமே கேட்டது. நான் வாளியைத் தள்ளிக்கொண்டு சுவரோரம் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. அவள் ஓடி வந்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன், தண்ணீர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கமாட்டாள்.

மூன்றாவது நாள் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வேற?" என்றாள்.

சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

அத்தான்